நகரம் விரியும்போது தெருக்கள் என்ன ஆகின்றன? நீங்களே அளந்து பார்க்கும் வழி

ஒரு நகரத்தின் தெருக்கள் ஒன்றோடொன்று நன்றாக இணைந்திருக்கின்றனவா என்று கேட்டால், ஒரே ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. அந்த எண்ணுக்குள் நூறு வருடத்துக்கு முந்தைய கடைவீதியும் போன வருடம் மதில் எழும்பிய குடியிருப்பும் கலந்து கிடக்கும். சராசரி எடுத்தால் பழைய தெருக்களின் நல்ல குணம் புதிய தெருக்களின் குறையை மூடி மறைத்துவிடும். அதனால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்த நகரம் ஒவ்வொரு காலத்திலும் புதிதாகப் போட்ட தெருக்கள் எப்படிப்பட்டவை?

ஒரு கணக்கைப் பாருங்கள். பழைய மையத்தில் 1000 சந்திப்புகள் (முட்டுச்சந்தின் முனையையும் ஒரு தெரு மட்டும் உள்ள சந்திப்பாக இதில் எண்ணுகிறேன்). ஒவ்வொன்றிலும் சராசரியாக 3.3 தெருக்கள் கூடுகின்றன. அடுத்த விரிவாக்கத்தில் இன்னொரு 1000. அங்கே சராசரி 2.9. அதற்கும் அடுத்த 1000-இல் 2.5. முழு நகரத்தின் சராசரி 3.3, 3.1, 2.9 என்று மெல்ல இறங்குவதுபோல் தெரியும். ஆனால் இன்று கட்டப்படுகிற பகுதி 2.5-க்கு வந்துவிட்டது. 2.9 என்ற எண்ணை மட்டும் பார்க்கிறவர், பரவாயில்லை என்று கோப்பை மூடிவிடுவார். கட்டடத்தை இடிக்கலாம், பேருந்துத் தடத்தை மாற்றலாம். போட்ட தெருவின் கோடு மட்டும் லேசில் மாறாது. 1666-இல் லண்டன் எரிந்து சாம்பலான பிறகுகூட, புதுத் திட்டங்கள் பல வரையப்பட்டும், ஊர் பெரும்பாலும் பழைய தெருக்கோட்டிலேயே திரும்ப எழுந்தது. இன்று விளிம்பில் விழுகிற கோடு பேரன் பேத்தி காலத்துக்கும் நிற்கும் என்பதால்தான் விளிம்பைத் தனியாக அளக்கச் சொல்கிறேன்.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு சாதாரண மடிக்கணினி, வரைபடங்களைக் கையாள இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருள், தன்னார்வலர்கள் சேர்ந்து வரைகிற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலக வரைபடத்தின் தரவு போதும். பைதான் என்ற நிரல்மொழி தெரிந்தால் ஓஎஸ்எம்என்எக்ஸ் என்ற நிரல்தொகுப்பு பாதி வேலையை முடித்துத் தரும். தெரியாதவர்கள் ஒரு பேட்டையின் வரைபடத்தை அச்சடித்துப் பென்சிலால் எண்ணினாலும் விடை வரும். முதல் முறை செய்பவர்களைப் பென்சிலோடு உட்காரச் சொல்வதுதான் எனக்குப் பிடிக்கும். எது சந்திப்பு, எது சந்திப்பு இல்லை என்பது கைக்குப் பழகிவிடும்.

எல்லையும் காலமும்

நகராட்சி எல்லையை எடுத்துக்கொள்ளாதீர்கள். நகரம் அந்தக் கோட்டைத் தாண்டி எப்போதோ போயிருக்கும். அல்லது கோட்டுக்குள்ளேயே பாதி வயலாக இருக்கும். கட்டடங்கள் தொடர்ச்சியாக நிற்கிற பரப்பே எல்லை. அதைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுக்கலாம். லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் இருக்கின்றன. 2015-க்குப் பிறகு சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் வருகின்றன. படத்தை நீங்களே வகைப்படுத்தச் சோம்பலாக இருந்தால், ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் உலகம் முழுவதற்கும் கட்டடப் பரப்பைக் காலவாரியாகப் பிரித்து இலவசமாகத் தருகிறது, 1975-இலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தைய காலத்துக்குப் பழைய நில அளவை வரைபடங்களைத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.

இப்போது நகரத்தை வளையம் வளையமாகப் பிரியுங்கள்: 1975-க்கு முன் கட்டியது, 1975 முதல் 1990 வரை, 1990 முதல் 2000 வரை, அதன் பிறகு. ஒவ்வொரு தெருத்துண்டும் எந்த வளையத்தில் விழுகிறதோ அதுவே அதன் வயது என்று கொள்ளலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. நகரம் வளரும்போது பக்கத்துக் கிராமங்களை விழுங்கிக்கொண்டு போகும். வரப்போரமாக வளைந்துவந்த வண்டிப்பாதையைச் சுற்றி 1995-இல் வீடுகள் வந்தால், கணக்கு அந்தப் பாதைக்கும் 1995 என்றே வயது போடும். பாதையோ அதைவிட இருநூறு வருடம் மூத்ததாக இருக்கலாம். படத்தில் இவற்றைக் கண்டுபிடிப்பது எளிது: புதிய மனைப்பிரிவுகளின் நேர்க்கோடுகளுக்கு நடுவே ஒரு தெரு மட்டும் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் நெளிந்து போகும். அதைத் தனி நிறத்தில் குறித்துவையுங்கள். பின்னால் மிகவும் பயன்படும், ஏனென்றால் பிற்பாடு எல்லா வண்டிகளும் வந்து குவிவது அநேகமாக அந்தப் பாதையில்தான்.

விரிவையும் இணைப்பையும் குழப்ப வேண்டாம்

நகரம் பரவிக்கொண்டு போவது ஒன்று, தெருக்கள் துண்டுபட்டுப் போவது இன்னொன்று. இரண்டும் அடிக்கடி சேர்ந்து வருவதால் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். பரவலை அளக்கச் சுலபமான வழி: கட்டடப் பரப்பு எத்தனை மடங்கானது, மக்கள்தொகை எத்தனை மடங்கானது என்று பார்ப்பது. மக்கள் இரண்டு மடங்கு, நிலம் மூன்று மடங்கு என்றால் நகரம் தலைக்கு ஒன்றரை மடங்கு நிலத்தை எடுத்துக்கொள்கிறது. ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 11-வது இலக்கின் கீழ் இதே ஒப்பீடு ஓர் அளவுகோலாகவே இருக்கிறது; அதன் தொடக்க வாய்ப்பாட்டில் இரண்டு மடங்குகளுக்கும் மடக்கை (லாகரிதம்) எடுத்து வகுத்தார்கள். மூன்றின் மடக்கையை இரண்டின் மடக்கையால் வகுத்தால் ஏறக்குறைய 1.58. ஒன்றுக்கு மேல் போனால் நிலம் மக்களை முந்துகிறது.

ஆனால் நெருக்கமாக வாழ்கிற ஊரிலும் தெரு முறிந்திருக்கும். பாங்காக்கில் பெருஞ்சாலைகளுக்கு இடையே ‘சோய்’ எனப்படும் நீளமான சந்துகள் ஏராளம். பல சந்துகள் உள்ளே போய் முட்டி நின்றுவிடும். ஜன நெருக்கத்துக்கு அங்கே குறைவே இல்லை. இருபது மாடிக் கோபுரங்கள் எட்டு நிற்கிற மதிலடைத்த வளாகத்தையும் நினைத்துப் பாருங்கள்: ஒரு ஏக்கருக்கு எத்தனையோ குடும்பம், வெளியே வர ஒரே கேட். மறுபக்கம், வீடுகள் தள்ளித் தள்ளி நின்றாலும் கட்டம் கட்டமாகத் தெரு ஓடுகிற ஊர்களும் உண்டு. அத்தகைய ஊரில் நாளைக்கு மாடி எழுப்பிக்கொள்ளலாம், காலி மனையில் கடை வரலாம், பேருந்து உள்ளே நுழையலாம். மதிலடைத்த வளாகத்துக்குள் அதெல்லாம் நடக்காது. என்னைக் கேட்டால், இரண்டில் ஒன்றைத்தான் சரிசெய்ய முடியும் என்றால் இணைப்பைத்தான் முதலில் எடுப்பேன். நெருக்கம் தானாக வளரும். தெரு தானாக இணையாது.

பழைய ஊர் என்றால் இணைப்பு நன்றாக இருக்கும் என்றும் முடிவுகட்டிவிடாதீர்கள். மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பழைய பகுதி முட்டுச்சந்துகள் நிறைந்தது. அதேபோல் கோணல்மாணலாக இருந்தால் மோசம் என்பதும் இல்லை. டோக்கியோவின் தெருக்கள் வளைந்தும் குறுகியும் போகின்றன, ஆனால் எங்கே நுழைந்தாலும் வேறெங்கோ வெளியே வரலாம். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிவதற்கும் கால் போவதற்கும் சம்பந்தம் இல்லை. அளந்துதான் ஆகவேண்டும்.

தரவைச் சுத்தம் செய்தல்

அலுப்பான வேலை இதுதான். இதை ஒழுங்காகச் செய்யாவிட்டால் பின்னால் வருகிற எல்லா எண்ணும் பொய்.

நடுவே தடுப்பு உள்ள அகலச் சாலை வரைபடத்தில் இரண்டு கோடுகளாக இருக்கும். குறுக்கே ஒரு தெரு போனால் ஒரே நாற்சந்தி இரண்டு சந்திப்புகளாக எண்ணப்படும். இரண்டு அகலச் சாலைகள் குறுக்கிட்டால் நான்காகிவிடும். ரவுண்டானாவும் அப்படித்தான். பத்துப் பதினைந்து மீட்டருக்குள் வருகிற புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். குறுகிய சந்துகள் நெருக்கமாக உள்ள பழைய பேட்டையில் இந்தத் தூரத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் உண்மையான சந்திப்புகளையும் விழுங்கிவிடும். மேம்பாலம் கீழே உள்ள சாலையைத் தாண்டுகிற இடம் சந்திப்பு ஆகாது. தெரு வளைகிற இடத்துப் புள்ளிகள் வெறும் வளைவுகள், அவற்றை நீக்கிவிட வேண்டும். வீட்டு முற்றத்துக்குப் போகிற தனிவழி, வாகன நிறுத்தத்துக்குள் ஓடுகிற பாதை இவற்றையும் எடுத்துவிடுங்கள்; விட்டுவைத்தால் முட்டுச்சந்துகளின் எண்ணிக்கை வீணாக ஏறும்.

நீங்கள் வெட்டிய எல்லைக்கோட்டில் அறுபடுகிற தெருக்கள் எல்லாம் முட்டுச்சந்து போலவே காட்சி தரும். அதனால் எல்லைக்கு வெளியே ஒரு கிலோமீட்டர் கூடுதலாகத் தரவை இறக்கி, சந்திப்புகளைக் கணக்கிட்டுவிட்டு, அப்புறம் வெட்டுங்கள்.

கேட் விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். வரைபடத்தில் தெரு தொடர்ச்சியாக ஓடும். நேரில் போனால் இரும்புக் கதவும் காவலாளியும் இருப்பார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கேட்டைக் குறிக்கவும், தனியார் வழி என்று குறிக்கவும் வசதி உண்டு, ஆனால் எல்லாரும் குறிப்பதில்லை. விளிம்பில் புதிதாக வந்த பகுதிகளில் தெருவே முழுதாக வரையப்படாமலும் இருக்கும். ஆகவே புதிய வளையத்தின் எண் மோசமாக வந்தால், உடனே கொதித்துப்போகாமல், செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்து, விட்டுப்போன தெருக்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

எண்ண வேண்டியவை

முதலாவது, ஒவ்வொரு சந்திப்பிலும் எத்தனை தெருக்கள் கூடுகின்றன. முட்டுச்சந்தின் முனைக்கு ஒன்று, முச்சந்திக்கு மூன்று, நாற்சந்திக்கு நான்கு. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுங்கள். கூடவே மொத்தப் புள்ளிகளில் முட்டுமுனை எத்தனை சதவீதம், நாற்சந்தி எத்தனை சதவீதம் என்றும் தனித்தனியாக எழுதிவையுங்கள். சராசரி ஒன்றே ஆனாலும் உள்ளே கதை வேறாக இருக்கும்: எல்லாமே முச்சந்தியாக உள்ள பேட்டைக்கும் சராசரி மூன்று, பாதி நாற்சந்தியும் மற்றதில் முச்சந்தியும் முட்டுமுனையும் சரிபாதியாகக் கலந்த பேட்டைக்கும் சராசரி மூன்று.

இரண்டாவது, தெருக்கள் சுற்றிவந்து மூடுகிற கட்டங்கள். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. ஐந்துக்கு ஐந்தாகக் கட்டம் போட்ட ஒரு பேட்டையை வரைந்துகொள்ளுங்கள். 25 சந்திப்புகள், அவற்றை இணைக்கிற தெருத்துண்டுகள் 40. துண்டுகளிலிருந்து சந்திப்புகளைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் 16. அந்தப் பதினாறும் உங்கள் படத்தில் உள்ள பதினாறு கட்டங்கள். விரல் வைத்து எண்ணிப் பார்க்கலாம். இப்போது ஒரு துண்டை அழியுங்கள். கட்டம் ஒன்று குறைந்து 15 ஆகும். இன்னொன்றை அழித்தால் 14. எந்தச் சந்திப்பும் தனியே அறுந்து போகாதபடி பார்த்துப் பார்த்து அழித்துக்கொண்டே போனால், 16 துண்டுகளை எடுத்த பிறகும் எல்லா வீட்டுக்கும் வழி இருக்கும். 24 துண்டுகள், 25 புள்ளிகள், மூடிய கட்டம் பூஜ்யம். ஆனால் இப்போது எந்த இரண்டு இடத்துக்கு இடையிலும் ஒரே ஒரு வழிதான். குழாய் பதிக்க ஓரிடத்தில் தோண்டினால் அதற்கு அப்பால் உள்ள அத்தனை பேரும் சிறை. ஆம்புலன்சும் அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான்.

மனைப்பிரிவு வரைபடங்களைப் பார்க்கும்போது இதைத்தான் முதலில் எண்ணுவேன். ‘எல்லா மனைக்கும் சாலை வசதி உண்டு’ என்று விளம்பரத்தில் எழுதியிருப்பார்கள். அது உண்மையாகவே இருக்கும். அந்த வாக்கியம் 40 துண்டு உள்ள பேட்டைக்கும் பொருந்தும், 24 துண்டு உள்ளதற்கும் பொருந்தும். வாழ்க்கையோ இரண்டிலும் வேறு வேறு.

மூன்றாவது, சுற்றுவழி. இரண்டு இடங்களுக்கு இடையே தெருவழித் தூரத்தை நேர்க்கோட்டுத் தூரத்தால் வகுக்க வேண்டும். சதுரக் கட்டங்கள் நுணுக்கமாக உள்ள ஊரில், எல்லாத் திசைகளுக்கும் சராசரி எடுத்தால் இது 1.27 அளவில் வரும். மூலைவிட்டமாகப் போகிற மோசமான நிலையில்கூட 1.41-ஐத் தாண்டாது. முதுகோடு முதுகு சேர்ந்து நிற்கிற இரண்டு முட்டுச்சந்து வீடுகளை எடுத்துப் பாருங்கள். நேரே 40 மீட்டர். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்த வீட்டுக் கொடியில் காய்கிற துணி தெரியும். தெருவழியே போனால் முதன்மைச் சாலை வரை வந்து, திரும்பி உள்ளே போக 800 மீட்டர். விகிதம் 20. அந்தத் தூரத்தைக் குழந்தை நடந்து போகாது. வண்டியை எடுப்பார்கள்.

இந்தச் சோதனையைக் குறுகிய தூரங்களுக்குச் செய்யுங்கள்: 500 மீட்டருக்குள் ஒரு தொகுதி, 500 முதல் 1000 வரை இன்னொன்று. ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் உள்ள இரண்டு இடங்களை எடுத்தால் பெருஞ்சாலை வந்து விகிதத்தை நல்லதாகக் காட்டிவிடும். நடப்பவரின் துன்பம் முதல் அரை கிலோமீட்டரில்தான் இருக்கிறது.

நான்காவது, சதுர கிலோமீட்டருக்கு எத்தனை சந்திப்பு, எத்தனை கிலோமீட்டர் தெரு. ஐ.நா. வாழ்விட அமைப்பு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 18 கிலோமீட்டர் தெருவும் 80 முதல் 100 சந்திப்புகளும் வேண்டும் என்கிறது. எங்கிருந்தோ பிடுங்கிய எண்களாகத் தோன்றலாம். ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்குள் நெடுக ஒன்பது தெரு, குறுக்கே ஒன்பது தெரு வரைந்து பாருங்கள்: நீளம் 18 கிலோமீட்டர், சந்திப்புகள் 81. தெருவுக்குத் தெரு 111 மீட்டர் இடைவெளி. நடக்கத் தோதான கட்டம் அது. பார்சலோனாவின் விரிவாக்கத்துக்கு இல்டெஃபான்ஸ் செர்தா 1859-இல் வரைந்த திட்டத்தின் கட்டம், தெருவின் அகலம் நீங்கலாக, ஏறத்தாழ 113 மீட்டர் என்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் போர்ட்லாண்டில் கட்டம் 61 மீட்டர்தான். சால்ட் லேக் சிட்டியில் 200 மீட்டர். இரண்டும் கட்டம் போட்ட ஊர்தான், இரண்டிலும் நாற்சந்திதான், ஆனால் சால்ட் லேக் சிட்டியில் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குப் போவதற்குள் போர்ட்லாண்டில் மூன்று மூலைகளைத் தாண்டியிருப்பீர்கள். எனவே சராசரி நான்குக்கு அருகில் வந்துவிட்டது என்று மகிழும் முன் இந்த நான்காவது எண்ணையும் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும் காலவளையம் வாரியாகத் தனித்தனியே எழுதுங்கள். மொத்த நகரத்துக்கான எண்ணைக் கடைசி வரியில் போட்டால் போதும்.

விளிம்பில் உள்ள முட்டுகள்

புதிய பகுதியில் முட்டுச்சந்துகள் அதிகமாக இருப்பது எப்போதும் கெட்ட செய்தி இல்லை. இரண்டு வகை உண்டு, கணினிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஒன்று, காத்திருக்கிற முட்டு. தெரு முழு அகலத்தோடு வந்து காலி நிலத்தின் வேலியில் நிற்கும். மின்கம்பம் கடைசி வரை போட்டிருப்பார்கள். பக்கத்து நிலம் மனையாகும்போது இது தொடரும். மற்றது, அடைத்த முட்டு. தெருவின் முனை வட்டமாக விரிந்து வண்டி திரும்ப இடம் விட்டிருக்கும், அதற்குப் பின்னால் வீட்டு மனைகள், அதற்கும் பின்னால் மதில். இது தொடர வழியே இல்லை. செயற்கைக்கோள் படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டையும் பிரிக்கலாம். விளிம்பில் உள்ள ஒவ்வொரு முட்டுக்கும் ‘காத்திருக்கிறது’ அல்லது ‘அடைத்தது’ என்று அட்டவணையில் ஒரு கட்டம் சேருங்கள். நகரத்தின் அடுத்த இருபது வருடம் அந்தக் கட்டத்தில் இருக்கிறது.

நேரில் போகும்போது மதில்களின் ஓரமாக நடப்பது என் வழக்கம். அடைத்த முட்டுகளின் மதிலில் சில இடங்களில் ஐந்தாறு செங்கல் பெயர்ந்திருக்கும். இந்தப் பக்கம் இரண்டு கல்லை அடுக்கிப் படி மாதிரி வைத்திருப்பார்கள், அந்தப் பக்கம் புல் தேய்ந்து ஒற்றையடிப்பாதை விழுந்திருக்கும். மதிலின் மேல்விளிம்பு அந்த ஓர் இடத்தில் மட்டும் கைபட்டுக் கைபட்டு வழவழவென்று ஆகியிருக்கும். இப்படிப்பட்ட இடம் கண்ணில் பட்டால் உடனே கைபேசியில் இடக்குறி எடுத்துக்கொள்கிறேன். எந்த ஆய்வும் சொல்லாத தெளிவோடு, வழி வேண்டிய இடத்தை மக்களே குறித்துவைத்திருக்கிறார்கள்.

ஏன் இப்படி ஆகிறது

எண்கள் கிடைத்ததும் காரணம் தேட வேண்டும். என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது நில உடைமை. நகரத்தின் ஓரத்தில் வயல்கள் ஒவ்வொன்றாக விற்கப்படுகின்றன. வாங்கியவர் தன் நிலத்துக்குள் தெரு போடுகிறார். அதை ஏற்கெனவே உள்ள ஒரே பாதையில், அதாவது நாம் தனி நிறத்தில் குறித்த அந்தப் பழைய வண்டிப்பாதையில், கொண்டுபோய்ச் சேர்க்கிறார். பக்கத்து நிலத்துக்காரரோடு சேர்ப்பதில் அவருக்கு லாபம் இல்லை. போக்குவரத்து வரும், ஒரு மனை குறையும். பக்கத்துக்காரரும் அதையே நினைக்கிறார். இருவரின் மதிலும் முதுகோடு முதுகாக நின்றுவிடுகிறது. இருபது நிலங்கள் இப்படி ஆனால் இருபது பேட்டையின் வண்டிகளும் ஒரே சாலையில் வந்து கொட்டும். அந்தச் சாலை நெரிசலாகிறது, அகலப்படுத்துகிறார்கள், நடுவே தடுப்புச்சுவர் வருகிறது. பிறகு அதைக் குறுக்கே கடப்பதே பாடு. சாலைச் சத்தத்துக்குப் பயந்து அடுத்து வருகிற பேட்டை இன்னும் உயரமாக மதில் எழுப்புகிறது.

அடுத்தது விதிகள். அமெரிக்காவில் 1930-களில் வீட்டுக்கடன் காப்பீடு தந்த மத்திய வீட்டுவசதி நிர்வாகம், கட்டம் போட்ட தெருக்களைவிட முட்டுச்சந்துகளும் வளைவுகளும் உள்ள அமைப்பையே பரிந்துரைத்தது. கடன் வேண்டுமென்றால் அப்படித்தான் வரைய வேண்டும் என்ற நிலை வந்தது. அதற்குச் சற்று முன்பு, 1929-இல், நியூ ஜெர்சியில் ராட்பர்ன் குடியிருப்பு எழுந்தது. அங்கேயும் வண்டிகளுக்கு முட்டுச்சந்துதான். ஆனால் வீடுகளின் பின்புறம் பூங்காவும் நடைபாதையும் ஓடி எல்லாரையும் இணைத்தன, சாலைக்கு அடியில் நடப்பவர்களுக்குச் சுரங்கவழி இருந்தது. பின்னால் வந்த பெரும்பாலானவர்கள் முட்டுச்சந்தை எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

அமெரிக்கத் தெருக்களை ஆண்டுவாரியாகப் பிரித்து அளந்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. புதிய தெருக்களின் துண்டுபடுதல் 1994 வாக்கில் உச்சம் தொட்டுப் பிறகு குறையத் தொடங்கியதாக அது காட்டியது. அதே இரண்டு ஆய்வாளர்கள், பாரிங்டன்-லீயும் மில்லர்ட்-பாலும், 2020-இல் உலகம் முழுவதையும் அளந்தார்கள். மக்கள்தொகை மிகுந்த 134 நாடுகளில் 90 சதவீதத்தில் 1975-க்குப் பிறகு வந்த தெருக்களின் இணைப்பு மோசமாகியிருக்கிறது. 2000-க்குப் பிறகு முன்னேற்றம் காட்டுபவை 29 சதவீதமே. தொடக்கத்தில் இணைப்பு குறைவாக இருந்த ஊர்கள் பின்னாலும் குறைவாகவே கட்டிக்கொண்டு போகின்றன என்பதும் அதில் தெரிந்தது. விளிம்பைத் தனியாக அளக்கச் சொல்லி நான் நச்சரிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

அளந்த பிறகு

சுற்றுவழி விகிதம் மிக அதிகமாக உள்ள ஜோடிகளை வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே கோடு போட்டால், பல கோடுகள் ஒரே மதிலின் ஒரே இடத்தில் குறுக்கிடுவது தெரியும். கையில் உள்ள இடக்குறிகளையும் அதன்மேல் போடுங்கள். ஒரு மதிலில் இரண்டு மூன்று மீட்டர் அகலத்தில் நடக்கவும் சைக்கிள் போகவும் வழி திறந்தால் எத்தனை ஜோடிகளின் தூரம் குறைகிறது என்று கணினியில் சேர்த்துப் பார்க்கலாம். எங்கே அதிகம் குறைகிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும்.

இணைப்பு என்றாலே கார் நுழைந்துவிடும் என்று குடியிருப்போர் பயப்படுவார்கள். அந்தப் பயம் நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நடைவழிக்கும் வண்டிவழிக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். நெதர்லாந்தின் ஹௌதன் நகரத்தில் ஒரு பேட்டையிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் போக வேண்டுமானால் வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். சைக்கிளில் போகிறவர் ஊரின் நடுவே நேராகப் போவார். கார் வலையில் இணைப்பு குறைவு, கால் வலையில் அதிகம். மதிலில் ஒரு சின்ன வாசல் கேட்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும்.

கட்டியதைத் திறப்பது கடினம், கட்டும் முன் கேட்பது சுலபம். மன்ஹாட்டனுக்கு 1811-இல் 155-வது தெரு வரை கோடு போட்டுவைத்தபோது தீவின் பெரும்பகுதி பண்ணையும் பாறையுமாக இருந்தது. வர்ஜீனியா மாநிலம் 2009-இல், புதிய மனைப்பிரிவின் தெருக்கள் பக்கத்து நிலங்களோடும் இணைந்தால்தான் அவற்றை அரசு பராமரிப்புக்கு எடுத்துக்கொள்ளும் என்று விதி கொண்டுவந்தது. பராமரிப்புச் செலவைப் பிடித்துக்கொண்டு இணைப்பைக் கேட்டது நல்ல யோசனை. மனைபோடுபவருக்கு அந்த மொழி புரியும்.

இதையெல்லாம் செய்ய அதிகாரம் இல்லாத சாதாரண ஆளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. காத்திருக்கிற முட்டுகளின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உள்ள காலி நிலத்தின் சர்வே எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருகிற அலுவலகத்தில் வரைபடத்தோடு அதை எழுத்து மூலமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கண்டுபிடித்த கேட்டுகளையும் விட்டுப்போன தெருக்களையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்திவிடுங்கள், அடுத்து அளக்கிறவருக்கு உதவும். வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலை மட்டும் புதிய செயற்கைக்கோள் படத்தோடு ஒத்துப் பாருங்கள். எந்த நிலத்தில் மண் நிரவல் தொடங்கியிருக்கிறதோ, அந்த எண்ணோடு அதே வாரம் திரும்பவும் அலுவலகத்துக்குப் போங்கள். அஸ்திவாரம் தோண்டிய பிறகு போனால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.